நாலு சீட்டு, நாலு பொய்

உக்காருங்கம்மா, தாராளமா உக்காருங்க. பைய நான் மடியில வச்சுக்கிறேன். ஜன்னல் சீட்டு மட்டும் கேக்காதீங்க. எந்த பஸ்ஸுல ஏறினாலும் எனக்கு இந்தப் பக்கத்து ஜன்னல்தான். இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் ஆளு. அப்படி உக்காந்தாத்தான் எனக்குப் பேச்சு ஓடும். ஒரு பழக்கம், வேற ஒண்ணுமில்ல.

காதுல மாட்டியிருக்கீங்களே, அதக் கழட்டி மடியில வைங்க. குத்தமாச் சொல்லல. சிவகாசி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் மாட்டிக்கிட்டே இருந்தா காதுக்குள்ள வேர்த்து அரிக்கும். இந்த விஷயத்துல எனக்குத் தெரியாதது கிடையாது. எங்க ஆபீஸ்ல ரெண்டு மாசம் உக்காந்து ஹெட்செட் தேர்ந்தெடுத்தோம். எனக்கு மாப்பிள்ளை பாக்கக்கூட எங்கப்பா அவ்வளவு நாள் எடுத்துக்கல. அதுல நடந்த அநியாயத்தச் சொல்லத்தான் இன்னைக்கு லீவு போட்டுட்டு முதலாளியப் பாக்கப் போறேன். நடந்தத நடந்தபடி சொல்றேன், நீங்க மூணாவது மனுஷி, நீங்களே நியாயம் சொல்லுங்க.

என் பேரு அங்கயற்கண்ணி. மதுரையில ஒரு பார்சல் கம்பெனியில போன் டெஸ்க்ல இருக்கேன். லாரியில பார்சல் போடுறாங்கல்ல, போட்டவங்களும் போன் பண்ணுவாங்க, வாங்க வேண்டியவங்களும் போன் பண்ணுவாங்க. என் பார்சல் எங்க, ஏன் வரல, எப்ப வரும், இதுதான் கேள்வி. பதில் சொல்ல நாங்க அஞ்சு பொம்பளைங்க. அதுல மூத்தவ நான், இருபத்தாறு வருஷம். மத்த நாலு பேருக்கும் போன் எடுக்கக் கத்துக் குடுத்ததே நான்தான். எடுத்ததும் வணக்கம் சொல்லு, ரசீது நம்பரக் கேளு, கேட்ட நம்பரத் திருப்பிச் சொல்லு, அவங்க கோவப்பட்டா நீ கோவப்படாத. இவ்வளவுதான் தொழில். இந்த இவ்வளவுதான் யாருக்கும் லேசுல வராது.

அதுல இருபத்துநாலு வருஷம் ரிசீவர இடது காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு வலது கையால எழுதினேன். ஒரு நாளைக்கு எண்பது கால், நூறு கால். தீபாவளி நெருங்கினா இருநூறுக்குக் குறையாது. போன ரெண்டு வருஷமாத்தான் ரிசீவர வலது பக்கம் மாத்திக்கிட்டேன். இடது தோள்ல ஒரு வலி. தோள் வலிதான். டாக்டர்கிட்டயெல்லாம் போகல, தைலம் தேச்சாப் போயிரும்.

என்னம்மா, தோளத் தொடுறீங்க? ஓ, கண்டக்டர் டிக்கெட் கேக்குறாரா. இந்தாங்க, சிவகாசி ஒண்ணு. எவ்வளவு நேரமா நிக்கிறாரு? பாருங்க, வாயத் தொறந்து கேட்டாத்தானே நமக்குத் தெரியும். விசில ஊதி ஊதி இவங்களுக்குப் பேசுற பழக்கமே போயிருச்சு.

இந்தக் காலத்துல எல்லாருமே வாய்க்குள்ளதான் பேசுறாங்க. எங்க வீட்டுக்காரரு ரிட்டையர் ஆனதுலருந்து முணுமுணுன்னுதான் பேச்சு. டிவியில செய்தி வாசிக்கிறவனே முணங்குறான், நீங்க கவனிச்சீங்களான்னு தெரியல. நான் சத்தத்தக் கூட்டினா அவரு ஓடி வந்து குறைக்கிறாரு. மாடி வீட்டுக்காரங்க வந்து கதவத் தட்டுறாங்களாம். தட்டினா எனக்குக் கேக்காதா? ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்ல. மனுசன் வயசான காலத்துல பொய் பேசப் பழகிட்டாரு.

சரி, விஷயத்துக்கு வரேன். போன வருஷம் டெஸ்க்குக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு. ரெண்டு கையாலயும் தட்டணும், ரிசீவரப் பிடிக்கக் கை இல்ல. அப்பத்தான் புது மேனேஜர் கதிரேசன் சொன்னாரு, எல்லாருக்கும் ஹெட்செட் வாங்கிரலாம், மாட்டப்போறது நீங்க, அதனால நீங்களே மாட்டிப் பாத்து ஓட்டுப் போட்டு எடுங்கன்னு. சின்ன வயசு, நல்ல மனுசன். என்ன, அவரும் வாய்க்குள்ளதான் பேசுவாரு.

விக்கிறவரு மூணு தினுசு கொண்டுவந்து மேசையில பரப்பினாரு. ஒண்ணு ஒத்தைக் காது. தலைக்கு மேல மெல்லிசா ஒரு கம்பி, ஒரு காதுல மட்டும் உக்காரும், அந்தப் பக்கம் சும்மா ஒரு ரப்பர் துண்டு. ரெண்டாவது ரெட்டைக் காது. ரெண்டு பக்கமும் பெரிய மெத்தை, காதையே மூடிப்புடும். ஒயர்ல சத்தத்தக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம் இருக்கும், ஒத்தைக் காதுல அது கிடையாது. மூணாவது, காதுக்குப் பின்னாடி கொக்கி மாதிரி மாட்டுறது. ஜெசிந்தா தும்மினா, அது கழண்டு டீக்குள்ள விழுந்துச்சு. அத அன்னைக்கே தள்ளிட்டோம்.

மிச்சம் ரெண்டு. எல்லாருக்கும் சாம்பிள் வரணும்ல, அதுக்கே ஒரு மாசம் இழுத்துட்டாங்க. வந்தப்புறம் ஏற்பாடு என்னன்னா, ஒவ்வொண்ணையும் ரெண்டு வாரம் மாட்டி வேல பாக்குறது, கடைசியில சீட்டு எழுதிப் போடுறது. சீட்டுல காரணமும் எழுதணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. சும்மா பிடிச்சிருக்குன்னு எழுதினா செல்லாது.

முதல் ரெண்டு வாரம் ஒத்தைக் காது. அம்மாடி, என்ன சொகம் தெரியுமா. தலையில ஒண்ணு இருக்கிறதே தெரியாது. எல்லாத்துக்கும் மேல ஒரு காது சும்மா இருக்கும். டீ வந்தாத் தெரியும், மேனேஜர் கூப்பிட்டாத் தெரியும், பக்கத்துல இருக்கிறவ சந்தேகம் கேட்டாச் சொல்லலாம். போன் டெஸ்க்குன்னா அதுதானம்மா. ஒரு காது உள்ள இருக்கணும், ஒரு காது வெளிய இருக்கணும்.

அந்த ரெண்டு வாரமும் டீ எனக்கு ஆறிப்போயித்தான் கிடைச்சுச்சு. அது ஹெட்செட் குத்தமில்ல, டீக்காரர் குத்தம். முன்னயெல்லாம் வாசல்லயே டீய்னு கத்துவாரு. இப்ப அவரும் மாறிட்டாரு.

ரெண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மேனேஜர் எங்க அஞ்சு பேரையும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாரு. எல்லாக் காலும் இப்ப பதிவாகுதாம். எடுத்துக் கேட்டாராம். உங்கள்ல ஒருத்தர் ஒரே நாள்ல முப்பத்தேழு தடவ 'மறுபடி சொல்லுங்க'ன்னு கேட்டிருக்காங்க, அதுல நாலு பேரு கோவத்துல போன வச்சிட்டாங்க, பேரு சொல்ல விரும்பல, ஆனா இப்படியே போனா அவங்கள குடோனுக்கு மாத்த வேண்டியிருக்கும்னு சொன்னாரு. குடோன்னா, அங்க பார்சல்ல லேபிள் ஒட்டுறது. யார்கிட்டயும் பேச வேண்டாம். காலையில போனா சாயங்காலம் வரைக்கும் ஒட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. யாரு அந்தப் பாவப்பட்டவன்னு நாலு மொகத்தையும் பாத்தேன். வாசுகி தரையப் பாக்குறா. ஜெசிந்தா கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறா. ஈஸ்வரி கையில நகத்தக் கடிக்கிறா. நசீமா மட்டும் என்னையவே பாக்குறா. வச்ச கண்ணு வாங்காம பாக்குறா. சரி, இவதான்னு முடிவு பண்ணிட்டேன். பன்னெண்டு வருஷமா என் பக்கத்து நாற்காலி. வாயத் தொறந்து கேக்க முடியாம, கண்ணால கெஞ்சுறான்னு நினைச்சேன்.

எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சு நின்னு சொன்னேன்.

"சார், யாரா இருந்தாலும் இருக்கட்டும். நம்பரச் சரியா வாங்கணும்னுதான மறுபடி கேக்குறாங்க? நானும்தான் கேப்பேன். அவங்கள குடோனுக்கு அனுப்பிராதீங்க. பேசிப் பேசிப் பழகின வாய் சார். லேபிள் ஒட்டச் சொன்னா அது செத்துப்போகும்."

மேனேஜர், "அக்கா, நீங்க"ன்னு ஆரம்பிச்சாரு. அப்புறம் நிறுத்திட்டாரு. ஒத்தைக் காதுல இன்னும் நாலு நாள் இருக்கு, பாப்போம்னு மட்டும் சொன்னாரு. ஈஸ்வரி எந்திரிச்சு வெளிய போயிட்டா. அடுத்தவளுக்காக ஒருத்தி இப்படிப் பேசுறாளேன்னு அவளுக்குத் தாங்கல போல. இளகின மனசு.

இதச் சொல்லக் காரணம் இருக்கு. யாருக்காக நான் எந்திரிச்சு நின்னேனோ, அவதான் பின்னால எனக்குக் குழி பறிச்சா. மறுநாளே நசீமா நாற்காலியத் தூக்கிட்டு வந்து எனக்கு வலது பக்கம் போட்டுக்கிட்டா. அதுவரைக்கும் இடது பக்கம் இருந்தவ. ஏண்டின்னு கேட்டா, ஃபேன் காத்துங்குறா. அந்தப் பக்கம் ஃபேனே கிடையாது. எனக்கு வர்ற போன் காலையும் அவ ஹெட்செட்ல சேத்துக் கேப்பா போல, நான் நம்பர் எழுதுறதுக்குள்ள அவ பென்சிலால எழுதி என் பக்கம் தள்ளுவா. மேனேஜர் பாக்கணும்னுதான். மூத்தவள விட நான் சுறுசுறுப்புன்னு காட்டணும்ல. பழுத்த ஓலையப் பாத்துக் குருத்தோலை சிரிச்சுச்சாம், அந்தக் கதைதான்.

அடுத்த ரெண்டு வாரம் ரெட்டைக் காது. இதுல அந்தப் பிள்ளைங்க பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தவ. ஒவ்வொருத்தியாச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க, பின்னால இது முக்கியம்.

வாசுகிக்குக் கல்யாணமாகி நாலு மாசம். மாமியார் போட்ட ஜிமிக்கி, நெல்லிக்காய் தண்டி இருக்கும். மெத்தை அது மேல உக்காந்து அமுக்குனா, திருகாணி பின்னால குத்தும். மூணாம் நாளே காது மடல் செவந்து வீங்கிருச்சு. கழட்டி டிபன் பாக்ஸ் மூடியில வச்சா. வெறுங்காதோட வீட்டுக்குப் போயி மாமியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா.

ஜெசிந்தாவுக்குக் கண்ணாடி. கண்ணாடிக் காம்பு காதுக்கும் மெத்தைக்கும் நடுவுல மாட்டிக்கும். மத்தியானம் மூணு மணி ஆனா ரெண்டு நெத்திப்பொட்டுலயும் தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்பா.

ஈஸ்வரி பூ இல்லாம வாசல் தாண்ட மாட்டா. தினம் ஒரு முழம், வெள்ளிக்கிழமை ரெண்டு முழம். அந்தப் பட்டை மேல ஏறினதும் பூ நசுங்கி, பத்து மணிக்கெல்லாம் கதம்பத் துவையல் மாதிரி ஆயிரும்.

நசீமாவுக்குத் தலைத்துணி. துணிக்கு மேல மாட்டினா வழுக்குது, துணிக்குள்ள மாட்டினா வேர்க்குது. ஒரு நாளைக்கு அஞ்சு தடவ பாத்ரூமுக்குப் போயி ஊசியக் கழட்டித் திரும்பக் குத்திக்கிட்டு வருவா.

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா. உள்ளதச் சொல்லணும்ல. என் தோடு சின்னது, தட்டையா இருக்கும். சத்தமும் நல்லாத்தான் வந்துச்சு. அந்தச் சக்கரத்த முதல் நாளே கடைசி வரைக்கும் திருப்பி, நகராம இருக்க டேப் ஒட்டிட்டேன். மத்தவளுக எல்லாம் பாதியிலதான் வச்சிருந்தாளுக. ஒரு நாள் நசீமா தெரியாம என்னுடையத எடுத்து மாட்டிட்டா. மாட்டினவ ஐயோன்னு பிடுங்கி எறிஞ்சிட்டு, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டா. காத அவ்வளவு மெல்லிசா வச்சிருக்கா. அப்புறம் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. போயி எனக்கு டீ வாங்கிக்கிட்டு வந்து குடுத்தா.

ஆனா நான் எனக்காகவா யோசிச்சேன்? அந்தப் பிள்ளைங்க காதுக்கும் தலைக்கும் பூவுக்கும்தான் ஒத்தைக் காது வேணும்னு நின்னேன். ஓட்டுக்கு முதல் நாள் சாப்பிடும்போது ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக் கேட்டேன். ஒத்தைக் காதுதானக்கான்னு வாசுகி சொன்னா. வேற என்னக்கான்னு ஜெசிந்தா சொன்னா. ஈஸ்வரி தலைய ஆட்டினா. நசீமா, "ஆமாக்கா, ஒத்தைக் காதுதான்"னு என் கையப் பிடிச்சுச் சொன்னா. கையப் பிடிச்சு.

டிபன் பாக்ஸக் கழுவப் போயிட்டுத் திரும்பி வரேன், நாலு தலையும் ஒண்ணா இருக்கு. என்னையப் பாத்ததும் பிரிஞ்சிருச்சு. ஈஸ்வரிக்குக் கண்ணு செவந்திருக்கு. என்னடின்னேன். மிளகா கடிச்சிட்டேன்னா. அன்னைக்கு அவ கொண்டு வந்தது தயிர்சாதம். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

மறுநாள் சீட்டு எழுதிப் போட்டோம். மேனேஜர் எடுத்து ஒவ்வொண்ணா வாசிச்சாரு. அன்னைக்குன்னு பாத்து சத்தமா வாசிச்சாரு. ரெட்டைக் காது நாலு, ஒத்தைக் காது ஒண்ணு.

அந்த ஒண்ணு யாருதுன்னு கேக்க வேண்டியதில்ல.

நான் பாத்ரூம் போயி, குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன். ஆமாம்மா, அழுதேன், சொல்றதுக்கு என்ன. ஹெட்செட்டுக்காகவா அழுவாங்க? நம்ப வச்சுக் கழுத்தறுத்தாளுகளே, அதுக்குத்தான். ஒருத்திக்கு மெட்டர்னிட்டி லீவுக்கு நான் மல்லுக்கட்டினேன். ஒருத்திக்கு அப்பா சாவுக்கு நான் கூடப் போனேன். இவளுக நாலு பேரும் சேந்து, அக்கா பேச்சு இனிமே செல்லாதுன்னு சீட்டுல எழுதிக் குடுத்துட்டாளுகன்னுதான் எனக்குத் தோணுச்சு.

சாயங்காலம் மேனேஜர் சீட்டையெல்லாம் குப்பைக் கூடையில போட்டாரு. நான் எடுத்து வச்சுக்கிட்டேன். சாட்சி வேணும்ல. இந்தாங்க, பிரிச்சுப் பாருங்க. பேரு இல்ல, ஆனா கையெழுத்து எனக்குத் தெரியாதா? எழுத்துக் கீழ சாயுறது வாசுகி. 'ரெட்டைக் காது. காரணம், ஜிமிக்கிய உறுத்தாம மெத்துன்னு இருக்கு.' இது ஜெசிந்தா. 'ரெட்டைக் காது. கண்ணாடி போட்டவங்களுக்கு இதுதான் சௌகரியம்.' இது ஈஸ்வரி, ரெட்டைக் காதுன்னு போட்டுட்டு காரணம் ரெண்டே வார்த்த. 'பூ கசங்கல.' கடைசியா இருக்கிறது நசீமா. 'ரெட்டைக் காது. தலைத்துணிய நழுவாமப் பிடிச்சுக்குது. சத்தம் கூட்டுற சக்கரம் எல்லாருக்கும் அவசியம்.'

நாலு சீட்டு, நாலு பொய். சின்னப் பொய்யில்ல, பட்டப்பகல்ல சூரியன் இல்லன்னு சொல்ற பொய். எந்த எடத்துல வலிச்சுச்சோ, அதே எடத்த எழுதி வலிக்கலங்குறாளுக. இதுல என் சீட்டும் இருக்கு பாருங்க. 'ஒத்தைக் காது. காரணம், மத்தவங்க கூப்பிட்டாக் கேக்கணும்.' உண்மை எழுதினது நான் ஒருத்திதான்.

என்னம்மா அப்படிப் பாக்குறீங்க? நம்பிக்கை இல்லையா? இன்னும் கேளுங்க.

ஒன்றரை மாசமா எல்லாரும் ரெட்டைக் காதுதான் மாட்டிக்கிட்டு இருக்கோம். இப்ப எங்க ரூமுக்குள்ள வந்து பாத்தீங்கன்னா சிரிப்பீங்க. யாரு கூப்பிட்டாலும் யாருக்கும் கேக்காது. எது வேணும்னாலும் எந்திரிச்சு வந்து தோளத் தொடணும், இல்லன்னா துண்டுச் சீட்டுல எழுதித் தள்ளணும். டீ வந்தா அவரு ஒவ்வொருத்தர் தோளையும் தட்டிட்டுப் போறாரு. எனக்கு முதல் நாளே பழகிருச்சு. ஓட்டுப் போட்டவளுக இன்னமும் திணறுறாளுக. நல்லா வேணும். பழக்கம் எந்த அளவுக்குப் போயிருச்சுன்னா, சாப்பிடும்போது எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டுத்தான் உக்காந்திருக்கோம், அப்பக்கூட என்னையக் கூப்பிடணும்னா தோளத் தொட்டுத்தான் கூப்பிடுறாளுக.

ஈஸ்வரி பூ வைக்கிறதையே விட்டுட்டா. வாசுகி ஜிமிக்கியக் கழட்டிட்டுப் பொட்டுத் தோடு போட்டுக்கிட்டா, மாமியார் ஒரு வாரம் பேசலையாம். ஜெசிந்தா மெல்லிசுக் காம்பா வேற கண்ணாடி வாங்கிட்டா. நசீமா இன்னமும் ஊசி குத்திக்கிட்டுத்தான் இருக்கா. ஏண்டி, இதுக்குத்தானா நாலு பேரும் கூடிப் பேசி ஓட்டுப் போட்டீங்க, அறிவிருக்கான்னு நான் கேட்டேன். எங்களுக்கு இது பிடிச்சிருக்குக்கான்னு ஒரே குரல்ல சொல்றாளுக.

போன வாரம் மேனேஜர் மறுபடி எல்லாரையும் கூப்பிட்டாரு. இந்த மாசப் பதிவெல்லாம் கேட்டேன், ஒருத்தர்கூடத் தேவையில்லாம மறுபடி சொல்லுங்கன்னு கேக்கல, குடோன் பேச்சு இனிமே கிடையாதுன்னாரு. நான் நசீமாவப் பாத்தேன். பொழச்சிட்டடின்னு கண்ணாலயே சொன்னேன். அவ என்னையப் பாத்துச் சிரிச்சா. ஜெசிந்தா சிலுவ போட்டுக்கிட்டா. கொஞ்சங்கூட வெக்கமே இல்ல.

அன்னைக்கு ராத்திரிதான் மனு எழுதினேன். இந்தா, கவர்ல இருக்கு, நாலு பக்கம். என்ன எழுதியிருக்கேன்னா, ஓட்டு செல்லாது, நாலு பேரு எழுதின காரணமும் பொய், எல்லா ஹெட்செட்டையும் ஒத்தைக் காதா மாத்தணும். அதோட, சந்தேகம் இருந்தா முதலாளி அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவ வரவழைச்சு அவர் காதாலயே கேக்கட்டும், முப்பத்தேழு தடவ கேட்ட ஆளு யாருன்னு தெரியட்டும், அந்த ஆளக் காப்பாத்தத்தான் இந்தக் கூத்து நடந்திருக்குன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்கேன். நசீமாவ இவளுக சேந்து காப்பாத்துறாளுகங்குறது என் அனுமானம். இல்லன்னா ஒருத்திக்காக நாலு பேரு ஏன் காதப் புண்ணாக்கிக்கணும்? சொல்லுங்க.

என்னம்மா? ஓ, விருதுநகர் வந்திருச்சா. கண்டக்டர் என்கிட்டயா சொன்னாரு? பைய எடுக்கச் சொல்லி மூணு தடவ கத்தினாரா? கவனிக்கல. பாருங்க, மடியில இருந்தத எப்பவோ வழியில கால் தடுக்குற மாதிரி இறக்கி வச்சிருக்கேன். நல்லவேளை நீங்க தொட்டீங்க.

நசீமாவும் இப்படித்தாம்மா தொடுவா. ரெண்டு வெரலால, பூ மேல வைக்கிற மாதிரி. எங்க ஆபீஸ்ல ரெட்டைக் காது மாட்டி வேல பாத்த ஆளு மாதிரியே தொடுறீங்க.

நீங்க அதக் கழட்டி மடியிலதான வச்சிருக்கீங்க.

என் காதுலயும் ஒண்ணுமில்ல. இந்த பஸ்ஸுல யாருமே மாட்டல.

சாப்பிடும்போதும் யாரும் மாட்டியிருக்க மாட்டாங்க.

அந்தச் சீட்ட இங்க குடுங்க. நாலையும் குடுங்க. இல்ல, என்னோடதும் சேத்து அஞ்சையும் குடுங்க.

ஃபேன் காத்துன்னாளே. அந்தப் பக்கம் ஃபேனே இல்லம்மா. சுவருதான் இருக்கு. தயிர்சாதத்துல ஏது மிளகா.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் எந்திரிச்சு நின்னு பேசினேன்ல, பேசிப் பேசிப் பழகின வாய், செத்துப்போகும்னு. மேனேஜர் அக்கா, நீங்கன்னு ஆரம்பிச்சு நிறுத்தினாரே. யாருக்காகம்மா நான் கெஞ்சினேன்? அந்த நாலு பேரும் அத உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாளுகளே. ஒருத்திகூட ஒரு வார்த்த சொல்லலயே.

வாசுகி காது இன்னும் ஆறல. மஞ்சள் வைன்னு நான்தான் சொன்னேன்.

இல்ல, ஒண்ணுமில்ல. ஜன்னல்ல தூசி. இந்த ரோட்ட எப்பப் பாத்தாலும் தோண்டிப் போட்டிருக்காங்க. தண்ணி வேண்டாம், என்கிட்ட இருக்கு.

கொஞ்சம் எந்திரிங்கம்மா, நான் இங்கயே இறங்கிக்கிறேன். முதலாளி வியாழக்கிழமை ஆபீஸ்ல இருக்க மாட்டாரு, இப்பத்தான் ஞாபகம் வருது. இதுக்காக சிவகாசி வரைக்கும் போயி அலையுறதா? மதுரை பஸ் எதுத்தாப்புலதான நிக்கும். மனுவா? அது கிடக்கட்டும். நாலு பக்கமும் பின்னாடி வெள்ளையாத்தான் இருக்கு, கிழிச்சாத் துண்டுச் சீட்டுக்கு ஆகும். எங்க ரூம்ல இப்ப அதுதான ரொம்பச் செலவாகுது.

நாளைக்கு வெள்ளிக்கிழமை வேற. காலையில வேலைக்குப் போறப்ப மாட்டுத்தாவணியில இறங்கிப் பூ வாங்கணும். நாலு முழம் போதாது, ஈஸ்வரிக்கு ரெண்டு, அப்ப அஞ்சு. ஈரத் துணியில சுத்தி வச்சா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அஞ்சரை மணிக்கு ஹெட்செட்டக் கழட்டினப்புறம் வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகட்டுமே. இது இத்தனை நாளா எனக்குத் தோணாமப் போச்சு. நசீமாவும் வச்சுக்குவா, துணிக்குள்ள.

நீங்க ஜன்னலுக்குத் தள்ளி உக்காருங்க. நான் வரேம்மா. நியாயம் சொல்லுங்கன்னு கேட்டுட்டு, உங்களப் பேசவே விடல.

என்னமோ சொல்றீங்களே. இருங்க, இருங்க, இப்படித் திரும்பி நின்னுக்கிறேன், இந்தப் பக்கம் சொல்லுங்க. அந்தக் காது எனக்குக் கேக்காது.